சந்திரனுக்கு வழி பேசியவர்கள்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குச் சங்கம் நடத்துவது புதிய செய்தியன்று. அலுவலகம் விட்டபின் பஸ் பிடித்து யாரேனும் ஒருவர் வீட்டு முன்னறையில் பத்துப் பேர் கூடுவதும், அவர்களில் நால்வர் தாமதமாக வந்து சேருவதும், சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் மெல்லக் கனைத்துக்கொள்வதும் நாம் பலகாலம் கண்டு பழகிய காட்சிகளே. அவ்வாறு கூடுகிறவர்கள் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவார்கள். நாடகம் போடுவதைப் பற்றிப் பேசுவார்கள். 1930-களில் இங்கிலாந்திலும் இப்படி ஒரு சிறு சங்கம் கூடிவந்தது. அதன் அங்கத்தினர்களுள் பங்குச் சந்தையில் கணக்கெழுதிய குமாஸ்தா இருந்தார். அரசாங்கத் தணிக்கை இலாகாவில் பணிபுரிந்த இளைஞர் இருந்தார். வரைபடக்காரர், ரசாயனம் கற்றவர், மின்கருவி செய்பவர் இருந்தனர். தொழில்முறை வானநூலார் எவரும் அவர்களை நடத்திச் செல்லவில்லை. ஆயினும் அவர்கள் கூடிப் பேசிய பொருள் ஒன்றே: மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்புவது எங்ஙனம்?

இச்சங்கத்தின் பெயர் பிரிட்டிஷ் கிரகாந்தரச் சங்கம். கிரகத்துக்குக் கிரகம் செல்லும் யாத்திரையை ஆராய்வதே அதன் நோக்கம் என்பது பெயரிலேயே விளங்கும். 1933-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் பிலிப் கிளேட்டர் என்பவர் அதைத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்துதான். தொடக்கக் கூட்டத்துக்கு வந்தவர்களின் தொகை கைவிரல்களுக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. எனினும் அடுத்த ஜனவரியிலேயே சங்கம் ஒரு சஞ்சிகையை வெளியிட்டுவிட்டது. சங்கம் தொடங்குவது எளிது, சஞ்சிகை தொடர்ந்து நடத்துவது அரிது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள், அச்சஞ்சிகை இன்றளவும் வெளிவருகிறது என்று கேட்டால் வியப்படைவார்கள்.

சங்கத்தார் எடுத்த எடுப்பிலேயே ஒரு சுவரில் முட்டிக்கொண்டார்கள். ராக்கெட் செய்து விட்டுப் பார்க்கவேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. ஆனால் 1875-ஆம் ஆண்டில் நிறைவேறிய வெடிமருந்துச் சட்டம் இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது. உரிமம் பெற்ற தொழிற்சாலைகளன்றித் தனிமனிதர் எவரும் ராக்கெட்டுகளைச் செய்யக்கூடாது என்பது அதன் கண்டிப்பு. வாண வேடிக்கைக்காரர்களால் விபத்து நேராமல் தடுக்க இயற்றிய சட்டம், சந்திரனுக்குப் போக விரும்பியவர்களின் கைகளையும் கட்டிப்போட்டது. அரசாங்கத்தின் துணையை நாடினால் கிடைக்குமோ என்று கிளேட்டர் 1934-ல் விமான அமைச்சகத்துக்கு எழுதினார். பிற நாடுகளில் நடக்கும் ஆராய்ச்சியை ஆர்வத்துடன் கவனித்து வருகிறோம், எனினும் விமானத்தின் சுழல்விசிறிக்கு இது போட்டியாக வரும் என்பதற்கு அறிகுறி ஒன்றும் காணவில்லை என்னும் கருத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான், அதைக் கொண்டு அடுப்புகூடப் பற்றவைக்க முடியாது.

சட்டத்தை மீறிப் பார்த்த சிறுவர்களும் உண்டு. மான்செஸ்டர் நகரில் எரிக் பர்ஜெஸ் என்னும் பள்ளி வயது இளைஞர் தனியே ஒரு கிரகாந்தரச் சங்கம் அமைத்திருந்தார். 1937 மார்ச்சு மாதத்தில் அவரும் தோழர்களும் கிளேட்டன் வேல் என்னும் திறந்தவெளியில் ஊர் மக்கள் வேடிக்கை பார்க்கத் தம் ராக்கெட்டுகளைக் கொளுத்தினர். ஒன்று மேலே போவதற்குப் பதிலாக வெடித்துச் சிதறிப் பார்த்திருந்தவர்களுட் சிலரைக் காயப்படுத்தியது. விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. அந்த இளைஞரின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவரை மறுபடியும் சந்திப்போம்.

கையைக் கட்டிப்போட்டவனுக்கு வாய்தானே மிச்சம்? கிளேட்டரின் சங்கத்தாரும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சின் தரத்தை மதிப்பிட வேண்டுமானால், கை கட்டப்படாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் உடன்வைத்துப் பார்ப்பது அவசியம். அதற்கு நாம் சற்று ஜெர்மனிக்குச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் சங்கத்துக்கு ஆறாண்டுகள் மூத்தது ஜெர்மன் சங்கம். 1927 ஜூலை 5-ஆம் நாள் பிரெஸ்லௌ நகரத்து உணவு விடுதி ஒன்றின் பின்னறையில் அது பிறந்தது. அந்நகரம் இன்று போலந்து நாட்டில் விராட்ஸ்வாஃப் என்னும் பெயருடன் இருக்கிறது. அச்சங்கத்தாருக்கு ஊக்கமூட்டியது ஒரு நூல். டிரான்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்மன் ஓபர்த் என்பவர், கிரகங்களுக்கு ராக்கெட்டில் செல்லலாம் என்று கணிதவழி நிறுவிய தம் ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அளித்தார், அது ஏற்கப்படவில்லை. மனம் தளராமல் 1923-ல் அதையே சிறு நூலாக வெளியிட்டார். பள்ளி ஆசிரியராகப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவரின் நூலைப் படித்து, பொறிவல்லுநர்களும் எழுத்தாளர்களும் மாணவர்களும் ஒன்றுசேர்ந்தார்கள்.

ஜெர்மனியில் தடைச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1930 செப்டம்பரில் பெர்லின் நகரின் ஓரத்தில் பாழடைந்து கிடந்த வெடிமருந்துக் கிடங்கு ஒன்றை ஆண்டுக்கு பத்து மார்க் என்னும் பெயரளவான வாடகைக்குப் பெற்று, வாயிலில் ராக்கெட் விமானத்தளம் என்று பலகையும் மாட்டினார்கள். அது உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம். வேலையிழந்த தொழிலாளர்கள் தங்க இடமும் உண்ண உணவும் கிடைத்தாற் போதுமென்று வந்து உழைத்தார்கள். கம்பெனிகளிடம் கெஞ்சிப் பெற்ற அலுமினியத்தையும் பெட்ரோலையும் கொண்டு சிறு சிறு ராக்கெட்டுகள் செய்தார்கள். சில உயரப் பறந்தன. சில பக்கத்துக் கட்டடத்தின்மேல் விழுந்தன. 1934-ன் தொடக்கத்தில் கிளேட்டர் பெர்லினுக்கு நேரிற் சென்று, அச்சங்கத்தின் வில்லி லே என்பவரைக் கண்டு பேசினார். இங்கிலாந்தில் காகிதத்தில் மட்டும் இருந்தது அங்கே இரும்பிலும் அலுமினியத்திலும் இருக்கும் என்று நம்பிப் போனவர் கண்டது, அணையப்போகும் விளக்கைத்தான்.

ஏனெனில் அதற்குள் வேறொருவர் விலை பேசிவிட்டார். முதல் உலகப் போருக்குப்பின் ஏற்பட்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனிக்குப் பெரிய பீரங்கிகளைத் தடுத்திருந்தது. ராக்கெட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உடன்படிக்கை எழுதியவர்களுக்கு அந்த எண்ணமே தோன்றவில்லை. ஆகவே ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் 1932-ல் சங்கத்தாரின் களத்துக்கு வந்து பார்த்தார்கள். தங்கள் குமர்ஸ்டார்ஃப் சோதனைத் தளத்தில் ஒரு ராக்கெட்டை விட்டுக்காட்டச் சொன்னார்கள். அந்த ராக்கெட் சொன்னபடி பறக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவர்களுள் இருபது வயது மாணவர் ஒருவர் அதிகாரிகளின் கண்ணிற் பட்டார். அவர் பெயர் வெர்னர் ஃபான் பிரௌன். அவ்வாண்டு இறுதிக்குள் அவர் ராணுவத்தின் சம்பளத்தில் சேர்ந்துவிட்டார். மற்றவர்களின் நிலை தேய்ந்தது. ஹிட்லரின் ஆட்சியில் ராக்கெட் பற்றிய பொதுப் பேச்சும் எழுத்தும் அடக்கப்பட்டன. கடைசியில் பெர்லின் களம் தண்ணீர்க் கட்டண பாக்கிக்காக மூடப்பட்டது. வில்லி லே 1935-ல் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார்.

பிற நாட்டுச் சங்கங்களைப் பற்றி ஓரிரு வார்த்தை போதும். மாஸ்கோவில் 1931-ல் ஒரு நிலவறையில் கூடிய குழுவினர், தங்கள் குழுப் பெயரின் முதலெழுத்துக்களை விரித்து, கூலியின்றி உழைக்கும் பொறியாளர் குழு என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டார்கள். 1933 ஆகஸ்டில் அவர்களுடைய ராக்கெட் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் சென்றது. அக்குழுவின் தலைவர்களுள் ஒருவரான செர்கே கொரொல்யோவ் 1938-ல் ஸ்டாலின் ஆட்சியிற் கைதாகி, கொலீமாவின் பனிச்சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார். உயிர் பிழைத்தது தற்செயல். நியூயார்க்கில் 1930-ல் தொடங்கிய சங்கமோ பெரும்பாலும் விஞ்ஞானக் கதை எழுதுவோரின் கூட்டம். நம் நாட்டிலும் தனி ஒருவராக நின்று முயன்றவர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் என்னும் ஆங்கிலோ-இந்தியர் 1934 முதல் பத்தாண்டுக் காலம் ராக்கெட்டில் தபால் அனுப்பிப் பார்த்தார். 1935-ல் சிக்கிம் அரசரின் ஆதரவில் அம்மலைநாட்டின் ஆறுகளுக்கு மேலாகத் தபாலையும் சிறு பொட்டலங்களையும் செலுத்தினார். அதே ஆண்டு தாமோதர் நதிக்கு மேலே ஒரு சேவலையும் ஒரு பெட்டைக்கோழியையும் ராக்கெட்டில் அனுப்பி, இரண்டையும் உயிருடன் அக்கரை சேர்த்தார். 1992-ல் இந்தியத் தபால் துறை அவர் நினைவாக ஒரு தலை வெளியிட்டது. கல்கத்தாத் தமிழர்களுள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இனி லண்டனுக்குத் திரும்புவோம். 1937-ல் கிரகாந்தரச் சங்கத்தின் தலைமை நிலையம் லிவர்ப்பூலிலிருந்து லண்டனுக்கு மாறிற்று. தலைமை நிலையம் என்றால் தூண்களும் மாடங்களும் கொண்ட கட்டடத்தை எண்ணவேண்டா. அடுத்த ஆண்டில் ஆர்தர் கிளார்க் என்னும் தணிக்கை இலாகா இளைஞரும் வில்லியம் டெம்பிள் என்னும் பங்குச் சந்தைக் குமாஸ்தாவும் கிரேஸ் இன் வீதியில் வாடகைக்கு எடுத்த குடியிருப்பே சங்கத்தாரின் கூடமாயிற்று. புத்தகங்களுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் இடையே அமர்ந்து, சந்திர யாத்திரைக்கு ஒரு கப்பலைத் திட்டமிட அவர்கள் துணிந்தார்கள். இதற்கென ஒரு தொழில்நுட்பக் குழு அமைந்தது. ஹாப்பியன் எட்வர்ட்ஸ், ஆர். ஏ. ஸ்மித், எச். ஈ. ராஸ், ஜான்சர், ஹான்சன் முதலியோர் அதில் இருந்தனர். இரண்டாண்டு விவாதத்தின் பயன் 1939 ஜனவரி மாதச் சஞ்சிகையில் வெளிவந்தது.

அவர்கள் எதிர்கொண்ட இடர் இன்னதெனப் புரிந்துகொள்ளுதல் நலம். பூமியின் ஈர்ப்பிலிருந்து முற்றும் விடுபட வேண்டுமாயின் ஒரு பொருள் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குமேல் வேகம் பெறவேண்டும். எந்த எரிபொருளும் அத்தனை வேகத்தில் புகையை வெளியேற்றுவதில்லை. ஆகவே ராக்கெட்டின் எடையிற் பெரும்பகுதி எரிபொருளாகவே இருந்தாக வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்கிச் செல்ல மேலும் எரிபொருள், அதைத் தூக்க இன்னும் எரிபொருள் என்று கணக்கு வட்டிக்கு வட்டிபோல் ஏறிக்கொண்டே போகும். வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு சுமப்பவன், சோற்றைச் சுமக்கும் கூலியாளுக்கும் சோறு கட்டவேண்டியிருப்பதைப் போன்றது இது. இதற்குத் தீர்வு, காலியான பாத்திரங்களை வழியிலேயே எறிந்துவிட்டு இலேசாகச் செல்வது.

சங்கத்தாரின் கப்பல் இந்தத் தத்துவத்தை எல்லை வரைக்கும் கொண்டுபோயிற்று. ஏறத்தாழ 1,000 டன் எடை, மூன்று யாத்திரிகர். தேன்கூட்டின் அறைகளைப்போல் அடுக்கடுக்காக வைத்த திட எரிபொருள் ராக்கெட்டுகள் 2,000-க்கு மேல். ஒவ்வொன்றும் எரிந்து தீர்ந்தவுடன் உதிர்ந்துவிடும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் உயரமான மலை ஏரி ஒன்றிலிருந்து அது புறப்படும். உயரத்திற் காற்று அடர்த்தி குறைவு, ரேகைக்கு அருகிற் பூமியின் சுழற்சி வேகமும் துணைநிற்கும். சந்திரனில் அது வால்புறமாக மெல்ல இறங்கி, அதிர்ச்சி தாங்கும் கால்களின்மேல் நிற்கும். யாத்திரிகர்கள் 14 நாட்கள் தங்கி ஆராய்வார்கள். திரும்பும்போது பூமியின் காற்று மண்டலத்தில் வேகம் தணிந்து, பாரசூட் உதவியால் இறங்குவார்கள்.

எடையில்லாத நிலையில் மனிதன் உயிர் வாழ்வானா என்பது அன்று எவர்க்கும் தெரியாது. ஆகவே கப்பலைப் பம்பரம்போல் சுழலவிட்டுச் செயற்கையாக எடையை உண்டாக்குவது என்று முடிவு செய்தார்கள். உடனே வேறொரு தொல்லை முளைத்தது. சுழலும் கப்பலிலிருந்து பார்த்தால் விண்மீன்களும் சுழலும். அவற்றைக் கொண்டு திசை அறிவது எப்படி? சுழற்சிக்கு எதிராகக் கண்ணாடிகளைச் சுழற்றி, வானத்தை அசையாமற் காட்டும் ஒரு கருவியை அவர்கள் வகுத்தார்கள். அதில் வெடிமருந்து ஏதும் இல்லையாதலால் சட்டமும் குறுக்கிடவில்லை. தம் சொந்தப் பணத்திற் செய்து, லண்டனில் சௌத் கென்ஸிங்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிச் சாலையில் அதை இயக்கிக் காட்டினார்கள். சந்திரனுக்குச் செல்லும் ஆயிரம் டன் கப்பலில் மெய்யாகச் செய்து முடிக்கப்பட்டவை இத்தகைய சிறு கருவிகளே.

இக்கப்பல் அப்படியே கட்டப்பட்டிருந்தால் பறந்திருக்குமா? பறந்திராது என்றே சொல்லவேண்டும். திட எரிபொருளை நம்பியது பெரும் பிழை. ஆயிரக்கணக்கான சிறு ராக்கெட்டுகள் ஒழுங்கு தவறாமற் பற்றி, ஒழுங்கு தவறாமல் உதிரும் என்று எதிர்பார்த்ததும் பிழையே. இருப்பினும் ஒவ்வொரு முடிவையும் எடை, வேகம், வெப்பம் என்ற எண்களால் நிறுத்துப் பார்த்து, பிறர் சரிபார்க்கும்படி அச்சில் வெளியிட்டார்களே, அதுதான் வேறுபாடு. எண் இல்லாத ஆசை கதையாக நின்றுவிடும். எண்ணோடு கூடிய ஆசையை ஒருவர் தவறென்று காட்டலாம், மற்றொருவர் திருத்தலாம்.

அக்காலத்துப் பெரிய விஞ்ஞானிகள் இதைத் திருத்தவும் முன்வரவில்லை, தவறென்று எண்களால் காட்டவும் இல்லை. கிளேட்டர் 1936-ல் எழுதிய நூலுக்கு இங்கிலாந்தின் தலைசிறந்த விஞ்ஞான வார இதழான நேச்சரில் ரிச்சர்டு ஊலி என்னும் வானநூலார் மதிப்புரை எழுதினார். இம்முயற்சியில் உள்ள இடர்கள் அடிப்படையானவை. எனவே இது நடக்கக்கூடியதன்று என ஒதுக்கவேண்டியதே என்பது அவருடைய தீர்ப்பு. அவரை முற்றும் குறைகூறவும் மனம் வரவில்லை. ஆசையை அறிவென்று மயங்கிப் பேசுவோர் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அறிஞர்களுக்கு வேறு வேலை நடக்காது. ஆனால் கணக்கோடு வந்தவனையும் கணக்கின்றி வந்தவனையும் ஒரே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது அறிஞர்களுக்கு அழகன்று.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. சங்கம் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. கிளார்க் விமானப்படையில் ராடார் பணிக்குச் சென்றார். 1944 செப்டம்பர் 8-ஆம் நாள் மாலை லண்டனின் சிஸ்விக் பகுதியில் முன்னறிவிப்பே இன்றி ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஒலியைவிட வேகமாக வந்தமையால், முதலில் வெடித்தது, பிறகுதான் அது வந்த ஓசை கேட்டது. ஜெர்மானியரின் வி-2 ராக்கெட் அது. பெர்லின் களத்தில் பெட்ரோலுக்குக் கெஞ்சித் திரிந்த அந்த இளைஞர் ஃபான் பிரௌன் தலைமையில் உருவானது. அடுத்த ஆறு மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வி-2-க்கள் இங்கிலாந்தின்மேல் விழுந்தன; 2,700 பேர் வரை மாண்டனர். சந்திரனுக்குப் போகும் வழியைச் சங்கத்தார் பேசிக்கொண்டிருந்த நகரத்தின்மீதே, அதே வழியிற் செல்லத்தக்க யந்திரம் வெடிகுண்டைச் சுமந்து வந்தது.

அதைச் செய்த விதம் இன்னும் கொடியது. ஹார்ஸ் மலையடியில் குடைந்த சுரங்கங்களில், மிட்டெல்பௌ-டோரா சிறைமுகாமின் கைதிகளைக் கொண்டு வி-2 உற்பத்தி செய்யப்பட்டது. ஃபிரான்ஸ், போலந்து, ரஷியா முதலிய நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட 60,000 பேர் அம்முகாமின் வழியாகக் கடந்தனர். பசியாலும் நோயாலும் அடியாலும் தூக்கினாலும் அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். அந்த ராக்கெட் வெடித்து இறந்தவர்களைக் காட்டிலும், அதன் முகாமில் இறந்தவர்களே அதிகம். பிரெஸ்லௌ விடுதியின் பின்னறையில் கூடியவர்களில் ஒருவரேனும் இப்படி முடியும் என்று கனவிலும் கருதியிருப்பார்களா?

இதிலிருந்து, லண்டன்காரர்கள் நல்லவர்கள், பெர்லின்காரர்கள் கெட்டவர்கள் என்று முடிவுகட்டிவிட எனக்குத் துணிவில்லை. வெடிமருந்துச் சட்டம் மட்டும் இல்லாதிருந்தால், பிரிட்டிஷ் ராணுவம் மட்டும் பணப்பையை நீட்டியிருந்தால், கிரேஸ் இன் வீதி இளைஞர்கள் என்ன செய்திருப்பார்கள்? போர் முடிந்த மறு ஆண்டே விடையின் ஒரு பகுதி வெளிப்பட்டது. 1946 டிசம்பரில் ஆர். ஏ. ஸ்மித், பிரிட்டன் கைப்பற்றிய வி-2 ராக்கெட்டைச் சிறிது மாற்றி, வெடிகுண்டு இருந்த இடத்தில் ஒரு மனிதனை அமர்த்தி, 300 கிலோமீட்டர் உயரம் அனுப்பி இறக்கலாம் என்னும் திட்டத்தை அரசாங்கத்தின் தளவாட அமைச்சகத்திடம் கொடுத்தார். ராஸ் அதற்குத் துணைநின்றார். அமைச்சகம் மறுத்துவிட்டது. 1961 மே 5-ஆம் நாள் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டு செய்த முதற்பயணம், ஏறக்குறைய இத்திட்டம் சொன்ன முறையிலேயே அமைந்து 187 கிலோமீட்டர் உயரம் எட்டியது. ஸ்மித்தின் திட்டம் துணிவானது. கணக்கும் பெரும்பாலும் சரியானது. ஆயினும் அவர் கேட்ட யந்திரம் எந்தக் கைகளாற் செய்யப்பட்டது என்ற கேள்வி அத்திட்டத்தின் ஓரத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அப்போது பெரும்பாலோர் அதைக் கேட்கவில்லை. ஃபான் பிரௌன் தம் குழுவினருடன் அமெரிக்கா சென்று மதிப்புடன் வாழ்ந்தார்.

பிற்பாடு நடந்தவை பலரும் அறிந்தவை. 1956 ஜனவரியில், முன்னே மதிப்புரை எழுதிய அதே ஊலி அரச வானநூலார் பதவியேற்க லண்டன் வந்திறங்கினார். விண்வெளிப் பயணம் பற்றி நிருபர்கள் கேட்டபோது அது வெறும் பிதற்றல் என்று கூறிவிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்பூட்னிக் வானிற் சுற்றியது. அதை ஏற்றிய ராக்கெட்டின் சிற்பி, கூலியில்லாப் பொறியாளர் குழுவிலிருந்து சிறைமுகாம் சென்று மீண்ட அதே கொரொல்யோவ். 1969 ஜூலையில் அப்பல்லோ-11 சந்திரனில் இறங்கியது. மூவர் சென்றனர், அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, இறங்கிய கலம் கால்களின்மேல் நின்றது, திரும்பியவர்கள் பாரசூட்டில் இறங்கினர். ஏற்றிச்சென்ற ராக்கெட் 1,000 டன் அன்று, 2,900 டன். திட எரிபொருளும் அன்று, திரவம். 14 நாட்களுக்குப் பதில் ஒரு நாளும் நிறையாமல் இருவர் சந்திரனில் இருந்தனர்.

மான்செஸ்டர் சிறுவர் எரிக் பர்ஜெஸ் என்ன ஆனார்? அவர் அமெரிக்காவில் குடியேறி விஞ்ஞானச் செய்தி எழுத்தாளரானார். வியாழனைக் கடந்து சூரிய மண்டலத்தைவிட்டே வெளியேறப்போகும் பயனியர்-10 கலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அதில் மனித குலத்திலிருந்து ஒரு செய்தியை வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. கார்ல் சேகனிடம் சொன்னார். 1972 மார்ச்சில் புறப்பட்ட அக்கலத்தில், ஆணும் பெண்ணும் நிற்கும் உருவம் பொறித்த தகடு ஒன்று போயிற்று. உரிமமின்றி ராக்கெட் விட்டு நீதிமன்றம் வரை போனவரின் யோசனை அது.

கிளார்க்கின் யோசனை நமக்கு இன்னும் அண்மையானது. 1945 மே மாதத்தில், போர் முடிந்தும் முடியாத நிலையில், அவர் சில பக்கங்களைத் தட்டச்சு செய்து சங்கத்து நண்பர்களுக்குச் சுற்றுக்கு விட்டார். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை விட்டால், பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே இடத்துக்குமேல் நின்றதுபோல் இருக்கும். அத்தகைய நிலையங்கள் மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் வானொலி ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். நண்பர்கள் விவாதித்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் ஒயர்லெஸ் வேர்ல்டு என்னும் இதழில் கட்டுரை வெளிவந்தது. அந்நிலையங்களில் மனிதர்கள் வசித்து, கெட்டுப்போன வால்வுகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். டிரான்சிஸ்டர் அப்போது பிறக்கவில்லை. இம்முறையும் விவரம் பிழைத்தது, கணக்கு நின்றது. 1964-ல் அத்தகைய உயரத்தில் அசையாது நிற்கும் முதற் செயற்கைக்கோள் ஏறிற்று.

கிளார்க் 1956-ல் இலங்கையிற் குடியேறிவிட்டார். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரே தொலைக்காட்சி வழங்கும் சோதனை நடைபெற்றது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அருகே கம்பிவலையாலான பெரிய குடையை வானை நோக்கி நிறுத்தி, ஊரே கூடி உட்கார்ந்து பார்த்தது. அச்சோதனை தொடங்கியபோது தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதியை அதுவே தயாரித்தது. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் அவை வந்தன. தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களுள் இல்லை. எனவே தமிழும் இல்லை. ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் வாழ்ந்த தமிழர்கள் அக்கம்பக்கத்தாரோடு அமர்ந்து அம்மொழிகளிற் பார்த்திருப்பார்கள்.

இத்தகைய ஒளிபரப்புக்கு வழிசொன்னவர் அருகிலேயே இருப்பதை எண்ணி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு வாங்கியை நிறுவிக்கொடுத்தது. இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையம் ஏதும் இல்லை, 1979-ல்தான் வந்தது. ஆகவே, முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் தட்டச்சுத் தாளில் எழுதியது மெய்யாகி வானில் நிற்பதைத் தம் வீட்டுப் பெட்டியிற் கண்ட அவருக்குப் பார்க்கக் கிடைத்தவை எல்லாம், நம் கிராமத்து உழவர்களுக்கென எடுத்த பயிர்த்தொழில், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நிகழ்ச்சிகளே.